பாபின் முத்துப்பேட்டைக்குப் போகவில்லை

இன்று காலை கருநீலப் பட்டு ஒன்றை வெட்டுவதற்காக மேஜையில் விரித்துவிட்டு டீ போட உள்ளே போனேன். டம்ளரோடு திரும்பி வந்தால் பட்டின் நடுவில் உன் பூனை படுத்திருக்கிறது. முன்னங்கால்களை மடக்கி, கண்ணை மூடி, அந்தத் துணியை அதற்காகவே எடுத்து வந்த மாதிரி. சுற்றிலும் வெள்ளை முடி.

போன வருஷம் என்றால் கையிலிருந்த டீ கொட்டியிருக்கும். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீயை முழுசாகக் குடித்தேன். பிறகுதான் அதைத் தூக்கிக் கீழே விட்டேன். பட்டை ஒரு உதறு உதறி, பிரஷ்ஷால் ஒரே பக்கமாக நாலு இழுப்பு இழுத்தேன். கடையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது துணி. அந்த நிம்மதியில் உன் ஞாபகம் வந்தது. உன்னிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. பட்டை மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உனக்கு இந்த முடித் தொல்லை தெரியாததா என்ன. தினமும் காலையில் என் வீட்டு வாசல்படியில் நின்றுகொண்டு உள்ளே குரல் கொடுப்பாய். "ஏண்டி மேரி, கருப்புத் துணி எதுவும் வெளிய கெடக்கா? நான் உள்ள வரலாமா?" நான் எல்லாவற்றையும் மூடிய பிறகு, பையிலிருந்து செல்லோ டேப்பை எடுத்து, பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி கையில் சுற்றிக்கொண்டு, புடவையில் தட்டித் தட்டி முடியை எடுப்பாய். முந்தானை, கொசுவம், முழங்கைப் பக்கம். டேப் தீர்ந்துபோகும், முடி தீராது. கடைசிக் காலத்தில் வெளிர் நிறப் புடவையாகவே கட்ட ஆரம்பித்தாய். "இந்த வயசுல எனக்கு கலர் செலக்‌ஷன் பண்றது ஒரு பூனை" என்று சிரித்தாய்.

அந்தப் பூனை உன்னிடம் வந்த விதம் நினைவிருக்கிறது. உன் எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் துபாய்க்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனார்கள். நீள முடி, மூஞ்சி சப்பை, ஏதோ வெளிநாட்டுப் பூனையின் கலப்பு. தெருப் பூனைகள் அதைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. மழையில் நனைந்து உன் ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்குள் விட்ட முதல் நாளே மெஷின் டிராயரைத் திறந்து நூல் சுற்றி வைத்திருந்த பாபினை உருட்டி, கட்டில் கால் நான்கையும் நூலால் சுற்றி வைத்துவிட்டதாம். அன்றே அதற்கும் பாபின் என்று பேர் வைத்துவிட்டாய்.

ஆனால் ஒரு நாளும் அதை நம் தையல் அறைக்குக் கொண்டுவரவில்லை. என் வீட்டு முன்னறைதானே நம் கடை. இரண்டு மெஷின், நடுவில் வெட்டும் மேஜை, மூலையில் வருகிறவர்கள் உட்கார ஒரு சோபா. "அவன் எங்க வீட்டுல ராஜா. இங்க வந்தான்னா நம்ம ரெண்டு பேருக்கும் சோறு கெடைக்காது" என்பாய். அதை வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொங்கல் துணியெல்லாம் கொடுத்து முடித்து, இரண்டு பேரும் ஓய்வாக இருந்த வாரத்தில் நீ போனாய். நெஞ்சு கனக்கிறது என்று மருத்துவமனைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. குவைத்திலிருந்து உன் மகன் வந்தான். காரியம் எல்லாம் முடிந்து கிளம்புகிற அன்று பூனையையும், அது படுக்கிற உன் நாற்காலி மெத்தையையும் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றான்.

"மேரிம்மா, இத என்ன பண்றதுன்னு தெரியல. அங்க கொண்டுபோக முடியாது. யார்கிட்டயாவது கொடுக்கவும் மனசு வரல."

"எதுக்குடா யார்கிட்டயோ கொடுக்கணும். உள்ள கொண்டா" என்றேன். யோசிக்கவே இல்லை. அந்த நேரத்தில் நீ விட்டுப்போனவற்றில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

இவர் அரிசி மில்லிலிருந்து சாயங்காலம் வந்து, சோபாவில் படுத்திருந்ததைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை தவிடு. "துணி தைக்கிற வீட்டுல பூனையா மேரி?" என்றார். "நீங்க கொண்டுவர்ற தவிட்டுக்கு இது பரவாயில்ல" என்றேன். சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார். நாங்கள் இரண்டு பேருமே அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தோம்.

கோடை வந்ததும் பாபின் முடியை உதிர்க்க ஆரம்பித்தது. நம் வீட்டில் இவ்வளவு மூலை முடுக்கு இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மின்விசிறியைப் போட்டால் முடி எழுந்து பறந்தது. நிறுத்தினால் இறங்கி உட்கார்ந்தது. மெஷினின் பல்லுக்கடியில் பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டது. ஒரு டீச்சரம்மா கருப்புப் ப்ளவுஸைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப வந்து, "இத நான் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போனா பிள்ளைங்க சிரிக்கும்" என்றாள். துவைத்துக் கொடுத்தேன். அது சின்ன விஷயம். அடுத்து வந்தது அப்படி இல்லை.

பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒரு குடும்பம், மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத் தஞ்சாவூருக்கு வந்தவர்கள், ப்ளவுஸ் எல்லாம் நம்மிடம் கொடுத்தார்கள். பெண்ணின் பேர் கயல். திருச்சியில் பேங்க் வேலை. நீ இல்லாமல் நான் எடுத்த முதல் கல்யாண வேலை அது. தனியாக முடியுமா என்று எனக்கே சந்தேகம் இருந்ததால் ராப்பகலாக அதிலேயே கிடந்தேன். ரிசப்ஷனுக்குக் கருஞ்சிவப்பு வெல்வெட்டில் மணி கோத்து ஆரி வேலைப்பாடு செய்த ப்ளவுஸ். அதைப் போட்டுப் பார்க்க அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். முகூர்த்தப் ப்ளவுஸுக்கான பட்டை மட்டும் அன்றுதான் கொடுப்பதாக இருந்தது. கையில் பையோடுதான் வந்திருந்தார்கள்.

அளவு கச்சிதம். கயலுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அம்மாதான் அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். முதுகுப்பக்கம் கை வைத்து, மணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு முடியை இழுத்தார். பிறகு இன்னொன்று.

"என்னங்க இது? யாரோட நரை முடி?"

"பூனை முடிங்கம்மா. எடுத்துடுறேன்."

"கல்யாணத் துணியில பூனை முடியா?" குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. பட்டுப் பையைச் சோபாவில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கெழம வர்றோம். இத சுத்தமா எடுத்து வைங்க. அப்புறம் முகூர்த்தப் ப்ளவுஸ் பத்தி யோசிக்கலாம்."

எழுந்தபோது அவர் புடவையின் பின்பக்கமும் வெள்ளையாக இருந்தது. அவர் கவனிக்கவில்லை. கயல் கவனித்தாள். என்னைப் பார்த்துவிட்டு, அது வெளியே தெரியாதபடி அம்மாவுக்குப் பின்னால் ஒட்டி நடந்து போனாள்.

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் முத்துப்பேட்டையில் இருக்கிற சித்தப்பா மகனுக்கு போன் போட்டு, பூனையை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவர்களுக்குப் படகு இருக்கிறது, மீன் ஏலம் எடுக்கிற வேலை. "அங்க மீனுக்குக் கொறச்சல் இல்ல மேரி. இதவிட நல்லாவே இருக்கும். கஷ்டப்படுத்தறதுக்காகச் சொல்லல" என்றார். கஷ்டப்படுத்துகிற மனிதர் இல்லை என்று உனக்கும் தெரியும். பழைய பழக்கூடை ஒன்றைக் கழுவி, உள்ளே சாக்கு விரித்து, வாசல் பக்கம் வைத்தார். பாபின் உடனே போய் அதில் படுத்துக்கொண்டது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க" என்றேன்.

"அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்" என்றார்.

முதலில் உன் வழியில்தான் போனேன். செல்லோ டேப். பருத்தியில் சரியாகத்தான் இருந்தது. வெல்வெட்டில் ஒட்டி எடுத்ததும் முடியோடு துணியின் பொசுபொசுப்பும் கொஞ்சம் வந்துவிட்டது. நல்லவேளை, வெட்டி மீந்த துண்டில்தான் முதலில் பார்த்தேன். ஈரக் கையால் தடவினேன். பட்டுத் துண்டில் தண்ணீர்க் கறை நின்றது. பசைத்தாள் சுற்றிய உருளை ஒன்று பஸ் ஸ்டாண்டு பக்கம் கிடைத்தது. சோபாவின் ஒரு கையைத் துடைப்பதற்குள் தாளைக் கிழித்துக் கிழித்துப் பாதி தீர்ந்துபோயிற்று. மீதி தாள் இங்கே தனியாகக் கிடைக்காது, முழுசாக வேறு வாங்க வேண்டும் என்றார்கள். தினமும் உதிர்க்கிற பூனைக்கு இது கட்டுப்படியாகாது என்று புரிந்தது. தீர்ந்துபோகாத ஒன்று வேண்டும். கழுவி, உதறி, மறுநாள் மறுபடி எடுக்கிற மாதிரி.

உன் மகனிடம் போனில் சொன்னேன். "விதவிதமா இருக்கு மேரிம்மா, எது சரியா வரும்னு படத்தப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைல போய் தேய்ச்சுப் பாருங்க" என்றான். அது நல்ல யோசனையாகப் பட்டது. வெல்வெட், பட்டு, பருத்தி, ஜார்ஜெட் என்று ஒவ்வொரு வெட்டுத் துண்டையும் பாபினின் முதுகில் நன்றாகத் தேய்த்தேன். அதற்கு ஒரே குஷி. துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு நாய் பூனைத் தீனி விற்கிற கடைக்குப் போனேன். கடை வைத்திருக்கிற பெண் கல்லாவுக்கு முன்னால் நான் துணிகளைப் பரப்பியதும் ஒரு நிமிஷம் முழித்தாள்.

"வாங்கறதுக்கு முன்னாடி தேய்ச்சுப் பார்க்கலாமாம்மா?" என்றேன்.

"பாருங்க. இப்படி யாரும் துணியோட வந்ததில்லங்க" என்று, தொங்கிக்கொண்டிருந்த ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள்.

உனக்கு அந்தக் காட்சி பிடித்திருக்கும். கடைக்கு வந்த இரண்டு பேர் தீனி வாங்குவதை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். உலோகத் தகடு வைத்த ஒன்றால் சுரண்டினேன். மிதியடிக்கு நன்றாக இருக்கும், என் பட்டில் இழை பிடித்து இழுத்துவிட்டது. ரப்பர் பல் வைத்த பிரஷ் பருத்தித் துண்டில் முடியை அப்படியே திரட்டிக் கொண்டுவந்தது. பட்டில் கீச்சென்று நின்றுவிட்டது. கைப்பிடி வைத்த ஓர் உருளை இருந்தது. முன்னும் பின்னும் தள்ளினால் முடியைச் சுருட்டித் தன் வயிற்றில் இருக்கிற பெட்டிக்குள் போட்டுக்கொள்ளும். என் துண்டுகளில் அது ஒன்றும் செய்யவில்லை, துணிதான் அதோடு சுருண்டு வந்தது. திருப்பிக் கொடுக்கப் போனவள், எதற்கோ கடைக்காரப் பெண் உட்கார்ந்திருந்த மெத்தை நாற்காலியில் நாலு தடவை தள்ளிப் பார்த்தேன். பெட்டியைத் திறந்தால் ஒரு கைப்பிடி முடி. அவள் வீட்டிலும் பூனை இருக்கிறதாம்.

இழுத்துக் கட்டிய துணியில்தான் அது வேலை செய்யும், தொங்குகிற துணியில் செய்யாது. தொங்குகிற துணிக்கு வேறொன்று. முகத்தில் வெல்வெட் மாதிரி மெல்லிய துணி வைத்த பிரஷ். ஒரு பக்கமாக இழுத்தால் முடியைப் பிடித்துக்கொள்ளும், எதிர்ப்பக்கமாக இழுத்தால் விட்டுவிடும். என் கருஞ்சிவப்புத் துண்டில் இழைபோகும் திசையில் இழுத்தேன். சுத்தமாக வந்தது. பட்டிலும் வந்தது. இழை எதுவும் எழும்பவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. ஒவ்வொரு ப்ளவுஸாக முடி எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வேலையா? முதலில் அது எங்கிருந்து ஏறுகிறது? வீட்டுக்கு வந்து வெட்டும் மேஜையின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். இஸ்திரி போடுவதற்காக நாம் அடியில் போட்டிருக்கிற கம்பளி வெள்ளையாகக் கிடந்தது. நான் உள்ளே சமைக்கிற நேரமெல்லாம் பாபின் விரிப்புக்கு அடியில் புகுந்து அங்கேதான் தூங்கியிருக்கிறது. அதன்மேல் விரித்துத்தான் கல்யாணத் துணி முழுவதையும் வெட்டியிருக்கிறேன்.

கம்பளியை நாலு மூலையும் இழுத்துக் கட்டி உருளையைத் தள்ளினேன். பெட்டி நிறைய, நிறைய, கொட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு சோபா. பிறகு உன் நாற்காலி மெத்தை.

மெத்தையில் இரண்டாவது தடவை பெட்டியைத் திறந்தபோது, வெள்ளைத் திரளுக்கு நடுவில் நீளமாக ஒரு முடி. வேர்ப்பக்கம் கொஞ்சம் நரை, மீதி மருதாணிச் சிவப்பு. உன்னுடையது. மாதம் ஒரு முறை என் கொல்லையில்தானே மருதாணி பறித்து அரைத்துப் பூசிக்கொள்வாய். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போன அன்றுகூட எனக்கு அவ்வளவு அழுகை வரவில்லை. அன்று வந்தவர்களுக்குக் காபி போடுவதும், உன் மகனைப் பார்ப்பதுமாக இருந்துவிட்டேன். உன் முடி கிடைத்த அந்த மத்தியானம்தான், யாரும் இல்லாத வீட்டில், மடியில் மெத்தையை வைத்துக்கொண்டு, வேண்டிய மட்டும் அழுதேன். பாபின் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் காலை நக்கிக்கொண்டிருந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. எடுத்து வைக்கவும் எனக்குத் தெரியவில்லை. அந்த முடியைக் கொண்டுபோய் மருதாணிச் செடியின் அடியில் போட்டு, மண்ணைத் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உருளையை எடுத்தேன். நெஞ்சில் பல மாதமாக அடைத்திருந்த ஏதோ ஒன்று அதன் பிறகு இல்லை.

ஆரி வேலைப்பாட்டுக்குள் சிக்கிய முடிக்கு மட்டும் எந்தக் கருவியும் உதவவில்லை. சின்ன இடுக்கியால் உட்கார்ந்து எடுத்தேன். முடிந்ததும் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டினேன். பூனைக்குப் பல் நெருக்கமான சீப்பு ஒன்றும் வாங்கி வந்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், இவர் கொல்லைப் படியில் உட்கார்ந்து பாபினை மடியில் போட்டுச் சீவிக்கொண்டிருக்கிறார்.

"சும்மாதான் இருந்தேன்" என்றார், நான் கேட்காமலே.

ஞாயிறு பூசை முடிந்து வந்து வீட்டை மறுபடி ஒரு தரம் உருட்டித் துடைத்தேன். அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அம்மா கரும்பச்சைப் புடவை. சோபாவைக் கையால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வெல்வெட் ப்ளவுஸை ஜன்னலுக்குக் கொண்டுபோய் உள்ளும் புறமும் திருப்பினார். மணி வரிசையை நகத்தால் விலக்கிப் பார்த்தார். மடித்துக் கயலிடம் கொடுத்தார். அதே நேரம் பாபின் உள்ளிருந்து நடந்து வந்து, கயலின் காலில் உரசியது. அவள் குனிந்து தூக்கி, தோளில் போட்டுக்கொண்டாள். அவள் போட்டிருந்தது கருப்புச் சுடிதார்.

"ஏய், கீழ விடு அத" என்றார் அம்மா.

"பரவாயில்லம்மா, இருக்கட்டும்" என்று நான் பிரஷ்ஷை எடுத்தேன். கயல் பூனையை இறக்கியதும் அவள் தோளில் மேலிருந்து கீழே இழுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கையை நீட்டி பிரஷ்ஷை வாங்கினார். மகளின் துப்பட்டாவில் தானே இழுத்துப் பார்த்தார். எதிர்ப்பக்கமாக இழுத்தால் முடி உதிர்வதையும் செய்து காட்டினேன்.

"இது தீந்துபோகுமா?"

"தீராதுங்க. கழுவிக் காயவச்சா திரும்ப எடுக்கலாம்."

"எங்க வாங்குனீங்க?"

கயல் சிரித்துவிட்டாள். "சொல்லும்மா. அவங்ககிட்ட சொல்லு."

அம்மாவின் முகம் இளகியது. "எங்க வீட்டுல ஒரு நாய் இருக்குங்க. வெள்ளைதான், பொசுபொசுன்னு. இவ கொண்டு வந்தது. சம்பந்தி வீட்டுக்காரங்க அடுத்த வாரம் வர்றாங்க. வீடு பூரா முடி. அத எங்க கொண்டுபோய் விடறதுன்னு இவங்கப்பா கேக்கறாரு, இவ அழுவுறா. அந்தக் கோவத்துல இருந்தேன் அன்னிக்கு."

"விட வேணாங்க" என்றேன். சோபாவில் உருளையை எப்படித் தள்ளுவது, பெட்டியை எப்படித் திறப்பது என்று எல்லாம் காட்டினேன். கடைக்கு வழி சொன்னேன். அவர் கிளம்புவதற்கு எழுந்து, கழுத்தைத் திருப்பித் தன் புடவையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் இல்லை. கையிலிருந்த பையைத் திறந்து முகூர்த்தப் பட்டை என் கையில் கொடுத்தார். "நல்லா தச்சுக் குடுங்க" என்றார்.

அவர்கள் தெருமுனை தாண்டும்வரை நின்றிருந்த இவர், உள்ளே வந்து போனை எடுத்தார். "தம்பி, பூனை வரல. மீன நீங்களே சாப்பிடுங்க." கூடையைத் தானே பரண்மேல் ஏற்றினார். அன்று நான் சாப்பிட்ட சாப்பாடு உனக்குச் சொன்னால் நம்ப மாட்டாய். ஒரு வாரப் பசி.

இப்போது அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் துணி விரிக்கும் முன் கம்பளியில் உருளை. துணி வெளியே போகும் முன் பிரஷ். சாயங்காலம் இவர் கையில் சீப்பு. பாபின் தன் இஷ்டம்போல உதிர்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

கடைசியாக ஒன்று. போன வாரம் கயல் வந்திருந்தாள். ஏழாம் மாதம். வளைகாப்புக்கு அந்த முகூர்த்தப் ப்ளவுஸையே போட வேண்டும் என்று ஆசை, ஆனால் கொக்கி எட்டவில்லை. "பிரிச்சா துணி இருக்குமா மேரிம்மா? இல்லன்னா பரவாயில்ல" என்றாள். தையலைப் பிரித்தேன். இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து இருந்தது. நான் எப்போதும் அப்படி விடுகிறவள் இல்லை. நீதான் விடுவாய். பட்டை வீணடிக்கிறாய் என்று நான் சண்டை போடும்போதெல்லாம், "உடம்பு மாறும்டி, உள்ள கொஞ்சம் இருக்கட்டும்" என்பாய். அந்தப் ப்ளவுஸை வெட்டும்போது உன்னை நினைத்துக்கொண்டு வெட்டியதாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. கை தானாக விட்டிருக்கிறது.

பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். கயல் போட்டுப் பார்த்து, நிம்மதியாக மூச்சு விட்டாள். அவள் போன பிறகு, இன்னும் யாரும் வாங்கிப் போகாமல் அலமாரியில் இருக்கிறதையும், எனக்கென்று தைத்துக்கொண்டதையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நீ போன பிறகு நான் தைத்த எல்லாவற்றிலும் உள்ளே துணி இருக்கிறது.